முள்வாங்கியும் என் கண்ணீரும்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததை மூடி மறைத்தால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். போதும், நிறையப் பொய் சொல்லியாகிவிட்டது.

என் பெயர் எஸ்தர். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் வேர்க்கடலை புடைக்கிறேன். பெரிய யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய வருஷம், ஆடி மாதத்தில் என் இரண்டு கண்களும் உறுத்த ஆரம்பித்தன. தூசி என்று நினைத்தேன். தூசி இல்லை. இமை தடித்து உள்பக்கம் மடங்கிவிட்டது. இமைமுடி என் கண்ணையே குத்தியது. திறந்தாலும் குத்தும், மூடினால் இன்னும் குத்தும். நீர் பொலபொலவென்று கொட்டும். என் புருஷன் முள்வாங்கியால் அந்த முடிகளைப் பிடுங்கிவிடுவார். சில நாள் நிம்மதி. பிறகு முளைத்துவிடும்.

ஒரு ஞாயிறு, பிடுங்காமலே கோவிலுக்குப் போனேன். ஜெபத்தில் கண்ணை மூடியதும் முகமெல்லாம் நீர். உபதேசியார் எல்லோர் முன்னாலும், "எஸ்தரம்மாளைப் பாருங்கள், கண்ணீரோடு ஜெபிக்கிற ஸ்திரீ" என்றார். அவரும் கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரம் அது. எப்படிப் பார்த்தாரோ! நான் கேட்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. அதுவரை என்னை யாரும் ஒரு ஆளாக மதித்ததில்லை. இப்போது தெருவே எனக்கு வழி விட்டது. எங்களுக்காக ஜெபியுங்கள் என்று வீடு தேடி வந்தார்கள்.

அதன் பிறகு என் புருஷன் முள்வாங்கியை எடுத்தாலே தள்ளிப்போட்டேன்.

"இன்னாமே, கண்ணு அவிஞ்சிப் பூடும்மே. குந்து, புடுங்கறேன்."

"ஞாயித்துக்கெயம முடியட்டும்யா."

எத்தனை ஞாயிறு அப்படிப் போனது என்று கர்த்தருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா வேறு சாமி கும்பிடுகிறவள். அவளுக்கு ஒரே மகள், செல்லி. மூன்று வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிற பிள்ளை. ஐப்பசி மழையில் அவளுக்கு ஜுரம் கண்டது. ஒரு மத்தியானம் தாயம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யக்கா, நீ அளுதா உங்க சாமி கேக்கும்னு எல்லாரும் சொல்றாங்கோ. என் பொண்ணுக்கோசரம் அளுவு யக்கா."

பிள்ளையின் கையைப் பிடித்துக் கண்ணை மூடினேன். வாய் ஜெபித்தது. கண்ணீர் அந்தச் சின்னக் கையில் சொட்டியது. என் நினைப்போ அடுப்பில் கொதிக்கிற குழம்பில் இருந்தது. இதை எழுதும்போதும் என் நெஞ்சு எரிகிறது.

மூன்றாம் நாள் செல்லி போய்விட்டாள். தாயம்மா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அம்மாந்தண்டி அளுதியே யக்கா, நீ இன்னா பண்ணுவே" என்றாள். அன்றோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. கண் மட்டும் வழக்கம்போல ஒழுகியது. அந்தக் கண்ணை நான் வெறுத்தேன்.

கார்த்திகையில் வலது கண் மங்கியது. புருஷன் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது, அது இனிமேல் தெளியாது, இடது கண்ணும் அதே வழியில் போகிறது, இரண்டு இமையையும் அறுத்து வெளிப்பக்கம் திருப்பித் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். இடது கண் தப்புமா என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார்.

அறுக்கிற மேஜையில் படுத்தபோதுதான் பல மாதங்களுக்குப் பிறகு நான் நிஜமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தப் பொய்க் கண்ணீர் ஒழியட்டும். தாயம்மா முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கண் மட்டும் கொடும்." அவ்வளவுதான் ஜெபம்.

கட்டை அவிழ்த்த அன்று வலது பக்கம் வெறும் வெள்ளை. இடது பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை தெரிந்தது. குத்தல் இல்லை. நீர் இல்லை. ஸ்தோத்திரம் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் ஜெபத்தின் மறுபாதி இன்னும் பாக்கி.

வீடு திரும்பிய மறுநாள் காலை தாயம்மாவிடம் போனேன். முள்வாங்கி முதல் குழம்பு வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எம் பொண்ணுக்கோசரம் நீ அளுவவே இல்லியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தேம்பித் தேம்பி அழுதேன். தாயம்மா என்னையே பார்த்தாள்.

"ஆபரேசன் பண்ணியும் ஒயுகினுதான் கீதா அந்தக் கண்ணு?"

"இல்ல தாயம்மா. அது நின்னுபூடுச்சி. இப்ப நாந்தான் அளுவறேன்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் வந்து என் வாசலில் உட்கார்ந்தாள். "செல்லி பேரச் சொல்லி உன் சாமிய கும்புடு. நான் கேக்கறேன்" என்றாள். அன்று என் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. பேரை மட்டும் சொன்னேன். தாயம்மா என் தோளில் சாய்ந்தாள்.

கோவிலிலும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். இப்போது என்னை யாரும் ஜெப ஸ்திரீ என்று கூப்பிடுவதில்லை. பரவாயில்லை. பிரியமானவர்களே, அழுகை வரவில்லையே என்று ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். வறண்ட கண்ணோடே அவரிடம் போங்கள். நான் இருக்கிற ஒரு கண்ணோடு தினமும் போகிறேன், முதலில் செல்லி பேரைச் சொல்லிவிட்டுத்தான் என் பேரைச் சொல்கிறேன்.