இறங்குகிறவர்களைப் பார்த்த அண்ணன்

உடற்பயிற்சிக் கூடம் இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. உடம்பைக் குறைக்க வந்தவர்களில் பாதிப்பேருக்கு முதல் மாடித் திருப்பத்திலேயே மூச்சு முட்டும். பயிற்சி தொடங்கும் முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மானக்கேடான விஷயம். ஒருநாள் அந்தத் திருப்பத்தில் ஒரு அறிவிப்புப் பலகை முளைத்தது. உருப்படியாக எதுவும் அதில் இல்லை. தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியும் போன வருடத்து பஸ் நேரமும் இருந்தன. மூச்சு வாங்குகிறவர்கள் இனிமேல் அதைக் கண்ணும் கருத்துமாகப் படிப்பதுபோல நிற்கலாம். சிலருக்குத் தொட்டித் தேதி மனப்பாடமே ஆகிவிட்டது. மாட்டியது கீழே வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர். அவர் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரைத் தொப்பை அண்ணன் என்பார்கள். ஆண்டவன் எல்லாருக்கும் அளந்துதான் கொடுக்கிறான். இவருக்கு வயிறு வைக்கும்போது மட்டும் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், அளவைப் பார்க்காமல் கொட்டிவிட்டான்.

அவரிடம்தான் பார்சல் கிடங்கில் வேலை பார்த்த ஒரு பெண் வந்து மாட்டினாள். மூட்டை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு விடுப்பில் இருந்தாள். எலும்பில் கோளாறு இல்லை, பயிற்சி செய்து பலம் சேர்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுப்பு முடிகிற அன்று இருபது கிலோ மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தால்தான் வேலை என்று மேலாளரும் சொல்லிவிட்டார். எட்டு வாரம் இருந்தது.

யோசனைக்கா பஞ்சம்? கொழுந்தன் செல்போனில் பார்த்துவிட்டுத் தலைகீழாக நிற்கச் சொன்னான். பக்கத்து வீட்டம்மா ஏதோ மாவு டப்பாவை நீட்டினாள். புருஷன் அசையாமல் படு என்றான். அது அவனுடைய சொந்த அனுபவம். நாத்தனார் கடவுளிடம் விட்டுவிடச் சொன்னாள். இவளும் விட்டுத்தான் இருந்தாள். ஆனாலும் மேலாளர் முன்னால் மூட்டையைத் தூக்கக் கடவுள் சட்டையை மடித்துக்கொண்டு வரமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது.

மாடியில் இரண்டு பயிற்சியாளர்கள். ஒருவருக்குத் தோள் கதவில் இடிக்கும், சுவரெல்லாம் அவர் படம்தான். இன்னொருவர் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் பறந்துவிடுவார் போன்ற ஒல்லிப் பெண். யாரிடம் சேரலாம் என்று காவல்காரரைக் கேட்டவள், அவர் வயிற்றைப் பார்த்ததும் ஏன் கேட்டோம் என்று நினைத்தாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காரும்மா. ஏறுறவங்களப் பாக்காத, இறங்குறவங்களப் பாரு.”

ஒரு மணி நேரம் பார்த்தாள். சிலர் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினார்கள். சிலர் கதை பேசிக்கொண்டே இறங்கினார்கள். நண்டுகள் யாரிடம் கற்கிறவர்கள் என்று அண்ணன் சொன்னார். எல்லாரும் தோள்காரர் ஆட்கள்.

“புதுசா வந்தவங்கன்னா பரவால்ல. இவங்க வந்து ஆறு மாசமாச்சு.”

ஒல்லிப் பெண்ணிடமே சேர்ந்தாள். அந்தம்மா மூன்று வாரம் காலி அட்டைப்பெட்டியைக் குனிந்து எடுக்க வைத்தார். பிறகு அதில் இரண்டு செங்கல். பக்கத்திலேயே தோள்காரர் ஆட்கள் இரும்பைத் தூக்கி உறுமிக்கொண்டிருக்க, இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாம் வாரம் விறுவிறுவென்று கீழே வந்து, உங்கள் பேச்சைக் கேட்டு என் வேலை போகப்போகிறது, நாளை முதல் அவரிடம் மாறப்போகிறேன் என்று பொரிந்து தள்ளினாள்.

அவர் வாயிலிருந்த பிஸ்கட்டை மென்று முடித்தார்.

“மாறிக்கோ. இப்ப எந்தக் கையால கம்பியப் பிடிச்சு வந்த?”

ஒரு கையில் பை இருந்தது. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். சேர்ந்த புதிதில் அவளும் கம்பியை விடாதவள்தான். வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஒல்லிப் பெண்ணிடமே வந்தாள். வாரத்துக்கு வாரம் பெட்டியில் செங்கல் கூடிக்கொண்டே போனது.

விடுப்பு முடிந்த அன்று மூட்டையை மேசைமேல் வைத்தாள். மேலாளர் நம்பாமல் திரும்ப இறக்கி வைக்கச் சொன்னார். அதையும் செய்தாள். வேலை நிலைத்தது, ஆனால் அடுத்த மாதமே வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

சொல்லிக்கொள்ள வந்தபோது, இத்தனை தெரிந்தவர் நீங்கள் ஏன் ஒருநாளும் மேலே போவதில்லை என்று கேட்டாள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“ஆசைதாம்மா. நான் இறங்குறதப் பாக்கத்தான் கீழ ஆள் இல்ல.”