சுதும்பு என்று சொல்லிக் கொடுத்த மீன்

1983 நவம்பர் 9, புதன்கிழமை. விடிந்ததிலிருந்தே எங்கள் கல்மண்டபம் பகுதியில் ஈர உப்பு வாடை. அப்பா காலை ஷிப்டுக்குத் துறைமுகம் போனார்; நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தேன்; மழையால் பள்ளிக்கூடம் இல்லை. எல்லாம் வழக்கம்போல் நடந்தது, பிறந்து சில நாட்களே ஆன என் தங்கை காலையிலிருந்து துணியை நனைக்கவில்லை என்பதைத் தவிர. அம்மாவுக்குப் பால் ஊறவில்லை. "துணி நனைஞ்சாதான் வவுத்துக்குப் பாலு போவுதுன்னு அர்த்தம்" என்றார் பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா. மறுநாள் காலையிலும் காய்ந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முடிவானது. அதற்குமுன் எங்கள் தெருவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பிள்ளை பெற்றவளுக்குச் "சுதும்பு" மீன் குழம்பு.

மாலையில் அப்பா நனைந்த செய்தித்தாளில் மீன் சுற்றிக்கொண்டு வந்தார். ரீட்டா அக்காவின் விரல் மீனைத் தடவிக்கொண்டே போய் வால் பக்கம் நின்றது.

"வாலாண்ட முள்ளு கீதே நைனா. சுதும்புக்கு அங்க ஏது முள்ளு? இது பாறைக்குட்டி."

"தெர்யும்க்கா." அப்பா குரலைத் தாழ்த்தினார். "இந்தக் காத்துல ஒரு போட்டும் கடலுக்குப் போவல. ஐஸுல கெடந்தது இதான். அவளாண்ட சுதும்புன்னே சொல்லு."

"செத்த மீனு சாட்சி சொல்லவா வரப்போவுது" என்று அக்கா அந்த முள்வரியைச் சீவி எறிந்தார்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் மீன் பால் கொடுத்துவிடுமா?

பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்ட குழம்பில் முதல் துண்டை வாயில் வைத்த அம்மா நிமிர்ந்தாள். "சுதும்புன்னா வாயில வெச்சதும் கரையும். இது இன்னா இவ்ளோ கெட்டியா கீது?"

ஐஸ் மீன் அப்படித்தான் இருக்கும் என்றார் அப்பா. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழுவதையும் சாப்பிட்டாள்.

சுதும்பின் குடும்பத்துக்கு அறிவியலில் "லாக்டாரிடே" என்று பெயர் என்பதையும், அது பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் அண்மையில்தான் படித்தேன். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பால்மீன் என்று அழைத்தார்களாம். எங்கள் தெரு சொன்னது சரிதான் என்று மகிழ்ந்தேன். அடுத்த வரியில் அது அடிபட்டுப் போயிற்று. தாய்ப்பாலுக்காக வந்த பெயர் அல்ல அது. சதையின் மென்மைக்காக வந்தது. அன்று அம்மா தேடிய அதே மென்மை. கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவளின் நாக்கு ஏமாந்திருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று அவளும் இல்லை, அப்பாவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன.

அந்தக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் வியாழக்கிழமை காலை, பல்கூடத் துலக்காமல், தூளிக்குள் கைவிட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக நனைந்திருந்தது.