நானே பிடுங்கிய பலகைகள்

சிங்கப்பூரில், பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் எங்களுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. முன்பாதி மணலில் நிற்கும். பின்பாதி கடலுக்குள் மரத்தூண்களின் மேல் நிற்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, கிடைத்த மரத்தையெல்லாம் சேர்த்து வைத்துக் கட்டிய வீடு. அம்மா முதலில் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

எனக்குக் கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நான் செய்துகொள்ளவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வார நாட்களில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த சிறிய அறைதான் என் இருப்பிடம். சனிக்கிழமை ஆனால் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கடற்கரைக்குப் போவேன். கடலுக்குப் போகிறவள் ஊரிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று தங்கை கேலி செய்வாள்.

கடலோர வீட்டை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் போதும், உப்புக்காற்று கீல்களைத் தின்றுவிடும். ஜன்னல் திறக்காது, திறந்தால் மூடாது. நீர் வற்றும் நேரத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கி, தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டித் தார் பூசுவேன். அத்தாப்புக் கூரை ஒழுகும் இடங்களில் புதிய ஓலை செருகுவேன். வேலை இருக்கும்வரை தனிமை தெரியாது. சாயங்காலம் கை கழுவிவிட்டு உட்காரும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். சும்மாவாவது தொண்டையைச் செருமிப் பார்ப்பேன்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் அப்படி இருக்காது. அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. தம்பியும் அவன் மனைவியும், செம்பவாங்கிலிருந்து தங்கையும் அவள் கணவரும் வருவார்கள். எல்லோரும் சேர்ந்து வீட்டைப் பழுதுபார்ப்போம். மதியம் கடல் பக்கத்து மேடையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வருஷம் முழுவதும் அந்த மூன்று நாட்களுக்காகத்தான் நான் அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் என் கண் சும்மா இருக்காது. பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் திருத்தித் திருத்திப் பழகிய கண். தம்பி ஜன்னல் சட்டத்தில் அடித்த ஆணிகள் வளைந்திருந்தன. அவன் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி நானே மறுபடி அடித்தேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தான், சிரித்தான். தங்கை பூசிய கதவில் பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று அவள் கண்ணெதிரிலேயே இன்னொரு முறை பூசினேன். அவள் முகம் சுண்டிப்போனது. நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே செய்கிறேன், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் கோபம் வந்தது.

அடுத்த வருஷம் தம்பி ஒவ்வோர் ஆணியையும் பிடித்துக்கொண்டு, "எங்க அடிக்கணும்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. பையன் கற்றுக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன். அதற்கடுத்த வருஷம் அவனுக்கு ஓவர்டைம் வந்தது. தங்கைக்குத் தலைவலி வந்தது. பிறகு மூன்று ஞாயிறு ஒன்றாகி, அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து போவதோடு நின்றது. ஒரு தீபாவளிக்கு யாருமே வரவில்லை. நான் ஒருத்தியே முழு வீட்டுக்கும் பெயிண்ட் பூசினேன். ஒரு திட்டுகூட இல்லாமல் பூசினேன். பார்க்கத்தான் யாரும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் தம்பிக்குக் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. பார்க்கப் போனேன். கூடத்துச் சுவரில் அவனே ஒரு பலகையை அறைந்து அதன் மேல் ரேடியோ வைத்திருந்தான். உட்காரக்கூட இல்லை, "சாஞ்சிருக்குடா, சுத்தியல் எடு" என்றேன்.

"இருக்கட்டும்க்கா," என்றான் மெதுவாக. "இது என் வீடு."

திரும்பிப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. என் தம்பியும் தங்கையும் வராமல் போனதற்கு ஓவர்டைமும் காரணமில்லை, தலைவலியும் காரணமில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு அது வராது. வகுப்பறையில் பழகிய வாய். அதனால் வேறொரு காரியம் செய்தேன். இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கடல் பக்கத்து மேடையிலிருந்து மூன்று பலகைகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தேன். உறுதியான பலகைகள், முந்தைய வருஷம்தான் நானே பொருத்தியவை. திருடியைப் போல அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திங்கட்கிழமை தலைமை ஆசிரியரின் அறையிலிருந்து தம்பியின் அலுவலகத்துக்கு டெலிபோன் செய்தேன்.

"மேடைப் பலகை இத்துப் போச்சுடா. என்னால ஒண்டியா முடியல. ஞாயித்துக்கிழமையே செஞ்சாகணும்."

முடியவில்லை என்று என் வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. "கவலப்படாதீங்க லா அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான்.

சனிக்கிழமை தேக்காவில் பெரிய கொடுவா மீனாக வாங்கினேன். ஞாயிறு காலையில் அவனுக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவன் எப்படி அடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சைக்கிள் சத்தம் கேட்டது. வந்தவர் ஒரு சீனத் தச்சர். என் வயது இருக்கும். பின்னால் ஒரு சாமான் பெட்டி. சட்டைப் பையிலிருந்து தம்பியின் கையெழுத்தில் ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

'அக்கா, என் வேலை உங்களுக்குச் சரிப்படாது. அதனால் நல்ல ஆளாக விசாரித்து அனுப்பியிருக்கிறேன். இவர் வேலையில் குறை இருக்காது.'

குத்திக்காட்ட எழுதவில்லை. அப்படி எழுத அவனுக்குத் தெரியாது. உண்மையான அக்கறையோடு எழுதியிருந்தான், அதுதான் தாங்க முடியவில்லை.

தச்சர் மேடையில் குந்தி, குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். எதுவும் இற்றுப்போகவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "சியாப்பா சாபுட்?" என்று மலாயில் கேட்டார். யார் பிடுங்கியது?

"சாயா," என்றேன். நான்தான்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாமான் பெட்டியைத் திறந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகைகளை இழுத்து வந்து கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பொருத்திவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வீட்டில் காத்திருப்பார்கள் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. சாயங்காலம் குழம்பை மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றித் துணியால் கட்டிக்கொண்டு குவீன்ஸ்டவுனுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார்செய்தேன். பலகையை நான்தான் பிடுங்கினேன், நீ வருவாய் என்றுதான் பிடுங்கினேன், நீ எப்படி அடித்தாலும் எனக்குச் சரிதான். மூன்றே வாக்கியம். பாடம் நடத்துகிறவளுக்கு அது பெரிய காரியமா?

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"என்னக்கா, அந்த ஆளு வேல சரியில்லையா? நான் வேணா வேற ஆள..."

"வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "சும்மா உன்னப் பாக்கணும்னு வந்தேன்டா."

அவன் நம்பவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொள்ளவும் தோன்றாமல் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், உள்ளே, அவன் மனைவி அவசர அவசரமாக நாற்காலிகளை நேராக இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் முடிக்கட்டும் என்று நான் வாசலிலேயே நின்றேன்.