பத்து மணிக்குள் ஓடவேண்டிய கார்

முப்பத்தொரு வருடம் நான் சம்பளம் வாங்கியது குறை கண்டுபிடிப்பதற்கு. மொன்றியலின் சென்ட் லோரன்டில், விமானம் தரையிறங்கும்போது ஊன்றுகிற கால்களைச் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். மற்றவர்கள் செய்ததை எடுத்து, அளந்து, பிழை இருந்தால் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் திருப்பி அனுப்புவேன். திருத்துவது என் வேலை இல்லை. திருத்தத் தொட்டால் தொழிற்சங்கம் வந்து நிற்கும். கொழும்பில் ஒரு பொறியியல் பட்டம், இங்கே வந்து அதே பாடங்களைப் பிரெஞ்சில் படித்து இன்னொரு பட்டம், எல்லாம் அட்டைக்கு நூல் கட்டத்தான் என்று என் தம்பி சொல்வான். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

ஓய்வு பெற்றதும் என்னோடு வேலை செய்த பெண்கள் கப்பலில் உல்லாசப் பயணம் போனார்கள். நான் அறுபத்தெட்டாம் ஆண்டில் செய்த அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினேன். இங்கே அதை மசில் கார் என்பார்கள். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், வீட்டுக் கூடம் அளவு பொனட், பின்சீட்டில் ஒரு பூனைக்கு மட்டும் இடம்.

"அக்கா, உதிலை ஏறி எங்கை போகப்போறியள்?" என்று தம்பி கேட்டான்.

"எங்கையும் போகேல்லை. திருத்தப்போறன்."

"அப்ப பழுதெண்டு தெரிஞ்சுதான் வாங்கினனீங்களோ?"

"பழுதில்லாட்டி எனக்கு அதிலை என்ன வேலை?"

அந்தக் காரில் கணினி இல்லை. அதனால் பொய்யும் இல்லை. இன்றைய கார் ஒன்று நின்றுவிட்டால் ஒரு மஞ்சள் விளக்கை எரித்துவிட்டுக் கைகழுவிவிடும். இது அப்படி இல்லை. எந்தப் பக்கம் நோகிறது என்று சத்தத்திலும் மணத்திலும் புகையின் நிறத்திலும் சொல்லும். கேட்கத் தெரிந்தால் போதும். குளிர்காலம் முழுக்க நான் கேட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி மேலே சமையலறை மேசைக்குக் கொண்டுபோனேன். அதன் திருகாணிகளை இடியப்பத் தட்டுகளில் தட்டுக்கொரு பகுதியாக அடுக்கினேன். ஒவ்வொரு துளையையும் கழுவி, ஹெயார் டிரையரால் உலர்த்தி, புதிய ரப்பர் போட்டுத் திரும்பப் பூட்டினேன். எஞ்சின் எண்ணெயை மாற்றினேன். வால்வு மூடிகள் ஒழுகின. அவற்றின் கீழே கசிவைத் தடுக்கும் தாள்களை மாற்றினேன். எட்டுப் பிளக்குகளின் இடைவெளியையும் தகடு வைத்து அளந்தேன். ஏழு சரியாக இருந்தன. எட்டையும் மாற்றினேன்.

பிரேக்குக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, மற்றவர் சில்லடியில் படுத்து ஆணியைத் திறந்து மூடவேண்டும். மிதிப்பதற்குத் தம்பியைக் கூப்பிட்டேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். காலில் பலம் உண்டு.

"அமத்து."

"அமத்திட்டன்."

"பிடிச்சுக்கொண்டிரு. நான் சொல்லுமட்டும் விடாதை."

"ஆர் விட்டது?"

"காத்து உள்ளுக்குப் போட்டுது. விட்டிட்டாய்."

"நான் விடேல்லை. கால் கொஞ்சம் மேலை வந்தது."

"அதுக்குப் பேர்தான் விடுறது."

"உங்கடை பக்டரிச் சனம் பாவம் அக்கா," என்றான் உள்ளே இருந்து. "எப்பிடித்தான் முப்பது வருசம் உங்களைச் சமாளிச்சுதுகளோ!"

நாலு சில்லுக்கும் ஒரு முழுப் பின்னேரம் போனது. முடிவில் பெடல் கல்லுப்போல நின்றது.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. எங்கள் கொண்டோ அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவர் எழுதியிருந்தார். கட்டடத்தின் கீழ்த்தள கராஜில் ஓடாத வாகனம் நிறுத்தக்கூடாது என்பது விதி. என்னுடையது நவம்பரிலிருந்து அசையவில்லை என்று இரண்டு வீட்டார் முறையிட்டிருக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் நேரில் வருவார். கார் தன் சொந்த பலத்தில் கராஜை விட்டு வெளியேறி, கட்டடத் தொகுதியை ஒருமுறை சுற்றித் திரும்பவேண்டும். இல்லையேல் திங்கட்கிழமை இழுவை வண்டி வரும்.

பிரெஞ்சு நன்றாக இருந்தது. குறை சொல்ல இடமே இல்லாத கடிதம். அதுதான் எரிச்சல்.

இழுத்துக்கொண்டு போனால் வைப்பதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது. தெருவில் விட்டால் மொன்றியலின் உப்பு அடுத்த குளிர்காலத்துக்குள் அதன் அடிப்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே அந்தச் சனிக்கிழமை அது ஓடாவிட்டால் விற்கவேண்டும். என் ஆயுளில் நான் திருத்திய ஒரே பொருளை, ஓடவில்லை என்ற காரணத்துக்காக விற்கவேண்டும். சிவப்பு அட்டை இந்தமுறை என் கழுத்தில்.

வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. நேரம் பார்க்கும் விளக்கைப் பிடித்து, தீப்பொறி விழும் நேரத்தைச் சரியாக்கி, ஆணியை இறுக்கினேன். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தேன். பிறகு தம்பிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பிழை அங்கேதான்.

சனிக்கிழமை எட்டரைக்கே தம்பி வந்துவிட்டான். ஒரு கையில் தட்டம், மறு கையில் தேங்காய். ஜான்-டலோன் சந்தையில் பொறுக்கி வாங்கிய எலுமிச்சம்பழம் நாலு. சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, கற்பூரம்.

"இது புதுக் கார் இல்லையடா. என்னைவிட அஞ்சாறு வயசு இளமை, அவ்வளவுதான்."

"முதல் ஓட்டமெல்லோ? சும்மா எடுக்கப்படாது. நீங்கள் மேலை போய் அந்த எண்ணெய் உடுப்பை மாத்திக்கொண்டு வாங்கோ. பேந்து அந்த மனுசன் பாத்திட்டு மெக்கானிக் எண்டு நினைக்கும்."

"நினைக்கட்டும்," என்றேன். ஆனாலும் போனேன். கற்பூரத்தைக் காருக்கு வெளியே, தூரத்தில் கொளுத்தவேண்டும் என்பதை மட்டும் இரண்டுமுறை சொன்னேன். பெற்றோல் ஆவியைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. சந்தனத்தைப் பற்றி ஒரு கைநூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்பது இருபதுக்குக் கீழே வந்தேன். நெற்றியில் பொட்டோடு கார் நின்றது. சில்லுகளின் கீழே எலுமிச்சம்பழங்கள். பொனட் மூடியிருந்தது. தம்பி கைகட்டி நின்றான். ஏறி இருந்து சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. ஒருமுறை இருமியது. பிறகு கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. தம்பி "முருகா" என்றான்.

நான் பதறவில்லை என்று எழுத ஆசை. ஒழுங்குமுறை எனக்கு மனப்பாடம்: முதலில் பெற்றோல், பிறகு காற்று, பிறகு பொறி. பொனட்டைத் திறந்து கார்புரேட்டரின் வாய்க்குள் டோர்ச் அடித்தேன். பெற்றோல் பீச்சியது. காற்றுக்குத் தடை இல்லை. பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, தம்பியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பொறி வந்தது, ஆனால் சோம்பல் பொறி, நிறம் செம்மஞ்சள். வியாழக்கிழமை அது நீலம்.

"நீ உள்ளுக்கு ஏதும் தொட்டனியோ?"

"ஐயோ, ஒரு ஆணியும் தொடேல்லை."

அவன் உண்மைதான் சொன்னான். பிழை கேள்வியில். முப்பத்தொரு வருடம் நான் யாரிடமும் "தொட்டாயா" என்று கேட்டதில்லை. "என்ன செய்தாய், முதலில் இருந்து சொல்லு" என்றுதான் கேட்பேன். சொந்தத் தம்பி என்றதும் படித்தது மறந்துவிட்டது. அதற்குப் பதிலாக, நேரத்தைக் காட்டும் குறியைத் திரும்பப் பார்த்தேன். மின்சுருளை மாற்றிப் பார்த்தேன். இன்னொரு வெடி.

தலைவர் ஒன்பது நாற்பத்தைந்துக்கு வந்தார். உயரமான மனிதர், கையில் அட்டையில் செருகிய தாள்.

"போன்ஜூர் மடாம். சத்தம் மேலே வரைக்கும் கேட்டது."

"அது சத்தமில்லை மெஸ்யே, ஆயத்தம்," என்றேன் பிரெஞ்சில். "உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சுவிச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள்."

"விளக்கையா?"

"விளக்கைத்தான்."

என் குரலில் பழைய தொழிற்சாலை இருந்திருக்கவேண்டும். அவர் நிறுத்தினார். கராஜ் இருண்டது. கதவின் கீழே மட்டும் ஒரு கோடு வெளிச்சம். தம்பியைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, எட்ட நின்று எஞ்சினைப் பார்த்தேன்.

பின்பக்கத்தில், காற்று வடிகட்டிக்குப் பின்னால், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிமேல் நீல நெருப்பு ஊர்ந்தது. எட்டு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அந்த மூடிதான். பொறி போகவேண்டிய வயருக்குள் போகாமல், மூடியின் மேலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி விளையாடிக்கொண்டிருந்தது.

"லைட்டைப் போடுங்கோ!" என்றேன் தமிழில். தலைவர் போட்டார்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தேன். மூடியில் சந்தனம் அப்பியிருந்தது. ஈரச் சந்தனம். வயர் செருகும் ஒவ்வொரு குமிழின் அடியிலும் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். எல்லாவற்றுக்கும் மேலே பன்னீர்.

"டேய்."

"என்ன அக்கா?"

"இதென்ன?"

அவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் குற்றம் எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது. "நடுவிலை ஒண்டு, சுத்திவர எட்டு. எண்ணிப் பாத்தனான் அக்கா. அச்சு அசல் நவக்கிரகம்! அமெரிக்கனுக்கு எப்பிடித் தெரியுமெண்டு நானே யோசிச்சனான். வாகனத்துக்குள்ளை அதை வைச்சுப்போட்டு, கும்பிடாமல் போகச் சொல்லுறியளோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு நிமிடம் இருந்தது, அதனால் சிரிக்கவில்லை. மூடியின் இரண்டு கவ்விகளையும் தட்டி விட்டேன். வயர் ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியில் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்து, அதே இடத்தில் போட்டேன். ஒழுங்கு மாறினால் முழுக்கதையும் முடிந்துவிடும்.

"கும்பிட்டதை அழிக்கக் கூடாது," என்றான் தம்பி மெல்ல.

"அழிக்கேல்லை. அபிஷேகம் எண்டு நினை. கருவிப் பெட்டிக்குள்ளை இருக்கிற ஹெயார் டிரையரை எடுத்துத் தா."

"மடாம், ஐந்து நிமிடம்," என்றார் தலைவர்.

"எனக்குத் தெரியும்."

"அது என்ன, சந்தன வாசமா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "நன்றாக இருக்கிறது."

மூடியின் உள்ளேயும் பன்னீர் இறங்கியிருந்தது. உலர்த்தினேன். விரலால் தடவி, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரம் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவியை எந்தத் தொழிற்சாலையும் எனக்குத் தந்ததில்லை. மூடியைக் கவ்வினேன். ஏறி இருந்தேன். அக்சிலேட்டரை இரண்டுமுறை மிதித்துவிட்டு, சாவியைத் திருப்பினேன்.

முதல் சுற்றிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. கராஜில் நின்ற நாலு புதிய கார்களின் எச்சரிக்கை மணிகள் ஒன்றாக அலறின என்று மட்டும் சொல்கிறேன். முறையிட்ட வீட்டாரின் கார்களும் அவற்றில் இருந்தன. தம்பி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். தலைவர் ஏதோ சொன்னார்; வாய் அசைவதுதான் தெரிந்தது. கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பது ஐம்பத்தொன்பது. நான் கியரைப் போட்டேன். எலுமிச்சம்பழம் நசிந்தது. கதவு உயர்ந்தது.

வெளியே ஏப்ரல் வெயில். கட்டடத் தொகுதியைச் சுற்ற மூன்று நிமிடம் போதும். ஆனால் முதல் மூலையிலேயே செம்மஞ்சள் கூம்புகள். தெருவைக் கிண்டிப்போட்டிருந்தார்கள்; மாற்றுவழி அம்புக்குறி வடக்கே காட்டியது. இந்த நகரத்தில் நாற்பது வருடமாக அந்தக் கூம்புகளைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்புக்குறி போகச் சொன்ன இடமெல்லாம் போனேன். கூம்புகள் முடிந்த பிறகும் கொஞ்சத் தூரம் போனேன். பிரேக் கேட்ட இடத்தில் நின்றது. ஸ்டியரிங் இழுக்கவில்லை. வெப்பமுள் நடுவில் அசையாமல் இருந்தது. குறை தேடினேன், முப்பத்தொரு வருடப் பழக்கம். கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்தினேன். அது எனக்குப் புதிது.

சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற வான்காரன் கண்ணாடியை இறக்கி, "உங்கள் கணவருடைய காரா?" என்று பிரெஞ்சில் கேட்டான். பச்சை விழுந்தது. என் பதிலை அவன் முன்கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பான்: தூரத்தில், சிறிதாகிக்கொண்டு போகும் என் காரின் பின்பக்கம்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பினேன். தலைவர் போகவில்லை. தம்பி விரித்துப் போட்ட மடிப்புக் கதிரையில் இருந்தார். அவர் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. தம்பிக்குப் பத்துச் சொல் பிரெஞ்சு தெரியும். அவற்றை வைத்து என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. காரை என் கோட்டுக்குள் நேராக நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். கராஜ் அமைதியானது.

தலைவர் எழுந்து வந்தார். பொனட்டில் கை வைக்கப்போய், என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"மடாம், ஒரு சிறிய வேண்டுகோள். என் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்தது. இன்னொரு முறை ஸ்டார்ட் பண்ணுவீர்களா? ஒரு நிமிடம் மட்டும்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். 'ஓடும் நிலையில் உள்ளது' என்று அச்சடித்த இடத்தில் கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன்.

"முதலில் கையெழுத்து," என்றேன்.