சவாசனத்திலும் ஓடிய நாடி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்தான் என் வலது கை முதன்முதலாக என்னைக் காட்டிக்கொடுத்தது. மேல் ஸட்ஜத்தில் ஒரு நீண்ட கார்வை (ஒரே சுரத்தில் இழுத்து நிற்பது) வாசிக்க வேண்டிய இடம். வயலின் வில் கம்பிமேல் நிற்காமல் துள்ளியது. அந்தத் துள்ளலை ஒலிபெருக்கி எல்லா லயங்களுக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கும்) கொண்டுபோய்ச் சேர்த்தது. வட்டவளையில் அன்று மழையும் குளிரும். எனக்கோ முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

புள்ள பயந்துட்டா என்று ஊரே சொன்னது. சின்ன வயதிலிருந்து அதே மேடையில் வாசிக்கிறவளுக்குத் திடீரென்று என்ன பயம்? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கை நடுங்கியதே, அதற்கு வேறு பெயர் எனக்கும் தெரியவில்லை. நானும் பயம் என்றே ஒப்புக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிக்க வேண்டுமென்றால் தேர்வாளர்கள் முன் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் செயன்முறைத் தேர்வுக்காகத்தான் ஞாயிறுதோறும் ஹட்டனில் நடக்கும் சங்கீத வகுப்புக்கு ரயில் ஏறினேன். தவறினால் கொழும்பில் சித்தப்பா வேலை செய்யும் துணிக்கடையில் எனக்கும் ஓர் இடம் பேசிவைத்திருந்தார்கள். துணிக்கடை வேலையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. எனக்கு வயலின் வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் என்னைப்போல் இன்னும் சிலருக்கு மேடை என்றாலே கைகால் உதறும். எங்கள் சங்கீத சேர் (ஆசிரியர்), பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கும் ஒரு யோகா டீச்சரை அழைத்து வந்தார். மனம் குவிந்தால் வாசிப்பும் நிற்கும் என்பது அவர் எண்ணம். அது பொய்யில்லை. பாடுகிறவர்களுக்கு மூச்சு நீண்டது. லிந்துலையிலிருந்து வரும் என் தோழி செலினா மிருதங்கம் வாசிப்பவள். அவளுடைய முதுகுவலி போயே போய்விட்டது. எனக்கு மட்டும் நாளுக்கு நாள் மோசமாயிற்று.

மனசு ரொம்ப அலைகிறது என்று டீச்சர் என்னிடம் சொன்னார். காலையில் கபாலபாதி (வயிற்றை உந்தி வேகமாக மூச்சை வெளியேற்றும் பயிற்சி) செய்யச் சொன்னார். நான் வீம்புக்காரி. அவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு செய்தேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதுபோல விடியக்காலையில் என்ன சத்தம் என்று பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்) கேட்டார்கள். முடித்து எழுந்தால் நெஞ்சு படபடக்கும். அதையும் பயத்தின் கணக்கில்தான் எழுதினேன்.

இதற்கிடையில் பசி என்றால் அப்படியொரு பசி. முதலில் அம்மாவுக்குச் சந்தோஷம். பிறகு என் சட்டைகள் தொளதொளக்க ஆரம்பித்தன. கொழுந்தெடுத்துவிட்டு வந்து களைத்து உட்காரும் அம்மா, என்னைப் பார்த்ததும் எழுந்துவிடுவார்.

"திங்கிறதெல்லாம் எங்கடி போகுது? இந்தக் குளிர்ல போர்வையவும் உதறிட்டுக் கெடக்குற."

கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கையில் கட்டிவிட்டார். பளபளவென்று விரிந்திருந்த என் கண்ணைப் பார்த்து யாரையோ காதலிக்கிறேன் என்று அத்தை முடிவு செய்தார். அது உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிறு, டீச்சர் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னார். ஒருவர் சவாசனத்தில் (கைகால்களைத் தளர்த்தி மல்லாந்து படுக்கும் நிலை) படுக்க வேண்டும். மற்றவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, நாடி துடிப்பதை மறுகையால் தரையில் மெதுவாகத் தட்ட வேண்டும். தன் உடம்பு அடங்குவதைப் படுத்திருப்பவர் காதால் கேட்கலாம். கூடம் முழுவதும் அந்தத் தட்டல்கள் மெல்ல மெல்ல விளம்பத்துக்கு (மெதுவான காலத்துக்கு) இறங்கின. என் தலைமாட்டில் மட்டும் வேகமாகவே கேட்டது. பிறகு செலினா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இப்ப எதுக்குடி பயப்படுற?" என்று காதருகே கேட்டாள்.

உண்மையாகவே தேடிப் பார்த்தேன். வெளியே மழை; தரை இதமாக இருந்தது; தூக்கம்கூட வருவதுபோல் இருந்தது. எதற்கும் இல்லை என்றேன்.

"மேடையில நடுங்குனா பயம்னு சொல்லலாம். படுத்துக் கெடக்கயிலயுமா? உனக்கு உள்ளுக்குள்ள துரிதமாவே ஓடுதுடி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டீச்சரும் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. உன் மனசைக் குறை சொல்லிவிட்டேனே என்று சொல்லி என் கையை விடாமல் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் இளம் வயது வைத்தியர், தமிழ்ப் பெண். கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றில்லாத அறையில் அந்தத் தாள் படபடவென்று ஆடியது. அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சொன்னார்: தைரொயிட் மிகைச் சுரப்பு (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்வது). பசி, வியர்வை, மெலிவு, நடுக்கம் எல்லாம் அதனால்தான். நெஞ்சு அடங்கும்வரை கபாலபாதி வேண்டாம், மெதுவான மூச்சும் சவாசனமும் செய்யலாம், ஆனால் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்றார். நான் தேர்வைப் பற்றிக் கேட்டேன்.

"அதுக்குள்ள கை முழுசா நிக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இது பயமில்ல. பயம்னா வந்துட்டுப் போகும். இது போகவே இல்லையே."

வெளியே வந்து தாழ்வாரத்து வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து அழுதேன். நோய் என்று தெரிந்ததற்காக இல்லை. இத்தனை மாதம் என்னை நானே கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்காக. கூட வந்திருந்த அம்மாவும் அழுதார். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்க்கப் போனால் விடவில்லை. கயிறும் இருக்கட்டும், மாத்திரையையும் போடு என்றார்.

தேர்வு நாளுக்குள் நடுக்கம் பெரும்பாலும் தணிந்திருந்தது, முழுதாகப் போகவில்லை. தேர்வாளர்கள் முன் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ராகத்தைத் தொடங்கி மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் நேரம், ஒருவர் குனிந்து ஏதோ எழுதினார். சட்டென்று வயிறு சுருண்டது. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

அடடா, பயம் என்பது இதுதானா! எவ்வளவு நாளாயிற்று இதைப் பார்த்து. சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அது போகிற வேகத்துக்கே வில்லை இழுத்தேன். வில் நுனிக்குப் போவதற்குள் பயம் போய்விட்டது. கார்வை ஓரிடத்தில் சற்றே நடுங்கியது. நான் அதை வெட்டவில்லை, கடைசிவரை நின்றேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களின் பெயர்ப்பட்டியலில் என் பெயர் வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இன்னும் போய்வருகிறேன். மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் யாராவது சங்கீதம் பயில்பவராக இருந்தால், தாராளமாக யோகா செய்யுங்கள். அது என் சுரப்பியைக் குணப்படுத்தவில்லை. ஆனால் சும்மா படுத்திருக்க அது எனக்குக் கற்றுத் தராமல் போயிருந்தால், உள்ளே ஓடுவது யாருக்கும் கேட்டிருக்காது. அமைதியாக இருக்கையிலும் உங்கள் உடம்பு ஓடிக்கொண்டிருந்தால், வைத்தியரிடம் காட்டிவிட்டு அதற்குப் பெயர் வையுங்கள்.

முன்பெல்லாம் இந்த உடம்பு எனக்கு வயலினைத் தூக்கிப் போகிற ஓர் ஆள் மாதிரி. இப்போது சுருதி சேர்ப்பதற்கு முன் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அவசரமும் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகம் தொடங்கும்வரை ஞாயிறு வகுப்புக்குப் போகிறேன். சவாசனத்தில் கண்ணை மூடியதும் செலினா தானாகவே என் மணிக்கட்டைப் பிடிப்பாள். தரையில் அவள் விரல் தட்டும். நான் அடுத்த தட்டலுக்குக் காத்திருப்பேன். அது நிதானமாக வரும்.

"விளம்பத்துக்கு வந்துட்டடி," என்பாள். "எந்திரிச்சு வாசி."