குசினி ஜன்னல்

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள் என்று, கிண்டிக்கொண்டிருந்த என் கணவர் ஜன்னலைச் சாத்தப் போனார். எனக்கு, நான் வளர்ந்த திரேஸ்புரத்துக் கடலோர வீடு நினைவுக்கு வந்தது.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகில் சமைக்கும் அப்பாவுக்கு வீட்டில் சும்மா இருக்க முடியாது. நாங்கள் குசினி என்று சொல்லும் சமையலறை அப்போது அவருடையது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நெத்திலிக் கருவாடும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைப்பார்.

ஒருநாள் அம்மாவின் அண்ணி மரியா அத்தை தெருவில் போகையில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அம்மாவிடம் கேட்டாள்: "ஏளா, மாப்பிள்ளைய குசினிக்குள்ள தள்ளிட்டு நீ காத்து வாங்குதியாக்கும்?"

அப்பாவின் முகம் சிறுத்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினார்.

அம்மா வந்து அதை அகலத் திறந்தாள்.

"ஆடுத படகுல பத்துப் பேருக்கு ஆக்கிப்போடுத கை, மயினி. இப்படி ஒரு கொழம்பு ஒங்க வீட்டுல உண்டுமா? போயி கிண்ணத்த எடுத்துட்டு வாங்க."

அத்தை கிண்ணத்தோடு வந்தாள். அதற்குப் பிறகு அப்பா அந்த ஜன்னலைச் சாத்தியதில்லை.

"திறந்தே இருக்கட்டும்," என்றேன் கணவரிடம். "யாராவது வந்து கேட்டால் கிண்ணம் கொண்டுவரச் சொல்வோம்."