சிந்தாமணியின் குண்டன்

‘மெகா’ என்று அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்க்கிறாள் சிந்தாமணி. திரை கொள்ளவில்லை. விருந்து சாப்பிட்டு எழுந்த மாப்பிள்ளை மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது எழுத்து. அவளுக்குத் திருப்தி.

கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கு ஏதோ ஒரு நம்பர்தான் பெயர். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் சிந்தாமணி அதற்கு இட்ட பெயர் குண்டன். பழைய சினிமாச் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்த தோரணை. கோடெல்லாம் கட்டைவிரல் தடிமன், சுழியெல்லாம் உருண்டை, நடுவில் ஓட்டை மட்டும் கடுகளவு. ஆடித் தள்ளுபடிக்கும் போர்வெல் லாரிக்கும் பரோட்டாக் கடைத் திறப்புக்கும் அவனை விட்டால் ஆளில்லை என்பது அவள் கட்சி. “ஓடுற பஸ்ஸுலேருந்து படிக்கணும்ங்க. மத்ததெல்லாம் கஞ்சி குடிச்ச எழுத்து” என்பாள்.

எங்கே அவனை இறக்கக்கூடாது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஹபீபா, மகனின் நிக்காஹ் பேனரைப் பார்த்து, “யா அல்லாஹ், இது கல்யாணமா, கபடி மேட்ச்சா?” என்று தலையில் கை வைத்தாள். ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரிலும் சிந்தாமணி குண்டனை இறக்கினாள். செத்தவர் புதுசாகக் கடை திறப்பது போல இருந்தது. இதற்கெல்லாம் சிந்தாமணி அசருகிற ஆளில்லை. பக்கவாட்டில் எழுத்தை அமுக்கி ஒடுக்கச் சொன்னால்தான் கோபம் வரும். “ஒங்கள அமுக்குனா மூச்சு முட்டுமா முட்டாதா?” என்று கேட்டுவிட்டு, அடுத்தவர் வேலையை எடுத்துக்கொள்வாள்.

அந்தப் பிடிவாதம் போன ஆவணியில் ஒரு விழாவையே கவிழ்க்கப் பார்த்தது. உடையார்பாளையம் அம்பிகாவின் மகளுக்கு மறுநாள் காதுகுத்து. அம்பிகாவுக்கு அண்ணன் சிங்காரவேலு, தம்பி பிரேம். முந்திரித் தோப்பு வரப்புத் தகராறில் இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. பேனரில் தாய்மாமன்கள் பெயரை ஒரே வரியில் ஆளுக்குப் பாதியாகப் போட்டாள் சிந்தாமணி. அமுக்கியிருந்தால் இருவரும் ஒரே உயரம் வந்திருப்பார்கள், அவள் அமுக்கவில்லை. பாதி வரிக்குள் அடங்க எழுத்தைச் சின்னதாக்கியதில் நீளப் பெயர்க்கார அண்ணன் பொடியாகிப் போனார். மூன்றெழுத்துத் தம்பி பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாதிரிப் படம் போனில் போன அரை மணியில் அம்பிகா அழுதுகொண்டே கூப்பிட்டாள். “அண்ணன் வரமாட்டேங்குறாருக்கா. மூத்தவரு மடியில வெச்சுத்தான் குத்தணும். நாளைக்கி நா என்ன பண்ணுவேன்?”

சிந்தாமணி போனை வைத்துவிட்டுப் பேனரைத் திறந்து பார்த்தாள். தன் குண்டனால் ஒரு குழந்தையின் காது மூளியாக நிற்பதா?

மத்தியானம் சிங்காரவேலு நேரிலேயே வந்துவிட்டார். “எம் பேரு எறும்பாட்டம் இருக்கு. நா என்ன பொடியனா?”

சிந்தாமணி மவுஸைப் பிடித்தாள். பேனரின் அடியில் தோகை விரித்திருந்த இரண்டு மயில்களையும் தூக்கிக் கடாசினாள். கிடைத்த இடத்தில் ஆளுக்கொரு முழு வரி கொடுத்து, இருவரையும் ஒரே அளவில் நிறுத்தினாள். “இப்பப் பாருங்கண்ணே.”

அவர் தன் பெயரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீழ் வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவன் பேருக்குப் பின்னாடி ஏன் இம்மாம் எடம் காலியா கெடக்கு?”

“சின்னப் பேருங்கண்ணே. பூ போடட்டுமா?”

“பூ என்னத்துக்கு?” காலி இடத்தைக் காட்டினார். “எம்.எஸ்சி., பி.எட்.னு போடும்மா. நம்ம வூட்டுல அவன் ஒருத்தன்தான் படிச்சவன். அத விட்டுட்டா பாக்குறவன் என்ன நெனப்பான்?”

சிந்தாமணி அடித்தாள். அவர் குனிந்து, ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். அவள் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.